வியாழக்கிழமைக்கு ஏற்ற ஒலிபெருக்கி

பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே சொல்லும் குடும்பம் எங்களுடையது. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் பக்கத்தில்தான். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கிள்ளான், ஷா ஆலம் என்று போய்விட்டோம். ஆனாலும் வியாழன் இரவு பஜனைக்கு ஒன்பது பேராவது கூடிவிடுவோம். ஆர்மோனியம், தபேலா, ஜால்ரா, ஐந்தாறு குரல்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒலிபெருக்கி வாங்கினோம். 15 அங்குல ஸ்பீக்கர் இரண்டு; பெட்டியில் 2,000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. "திருவிழாவுக்கே தாங்கும்" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தோம்.

முதல் வியாழனே மைக் ஊளையிட்டது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நாற்பது பேர் உட்காரும் மண்டபம். நான் சிறு பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே முன்வரிசையில் பாடிவந்தவர் எங்கள் பெரியம்மா. மூன்றாம் வாரம், "நீங்களே பாடுங்கய்யா, அது என்னைக் கண்டாலே கத்துது" என்று கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். பெட்டியில் போடும் வாட்ஸ் பெரும்பாலும் கண நேர உச்சக் கணக்கு. தொடர்ந்து தாங்கும் அளவு அதைவிடக் குறைவு. வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறு மாற்றம். அதே நேரம், வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் மைக்குக்குள் போகும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். நான்கு மடங்கு வாட்ஸ் வாங்கியதற்குச் சமம், காசு செலவில்லாமல்!

ஊளைக்குக் காரணம், ஸ்பீக்கரில் வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவது. நாங்களோ ஸ்பீக்கர்களை எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் வைத்திருந்தோம். ஆறு மைக்கும் திறந்தே கிடக்கும். திறந்த மைக் இரண்டு மடங்கானால் ஊளையில்லாமல் ஏற்றக்கூடிய ஒலியில் 3 டெசிபல் போய்விடும். தபேலாவுக்கு அந்த மண்டபத்தில் மைக்கே தேவையில்லை. இதைச் சொன்னதற்குத் தபேலா அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை!

பழையதை விற்றுவிட்டு, கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கடை கடையாக ஏறினோம். இம்முறை பெரியம்மாவையும் ஆர்மோனியத்தையும் கூட்டிக்கொண்டு. கடையில் சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் பாடும். நம் குரலைப் போட்டால்தான் குணம் தெரியும். 10 அங்குலத்தில், ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் இரண்டு, எட்டு சேனல் மிக்ஸர், பக்கச் சத்தத்தை அதிகம் வாங்காத கார்டியாய்ட் மைக் மூன்று, தலைக்கு மேல் உயரும் ஸ்டாண்ட் இரண்டு. ஸ்டாண்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். தரையில் வைத்த ஸ்பீக்கர் முன்வரிசையின் காதைத்தான் அடைக்கும். எல்லாம் ஒரு மைவி காருக்குள் அடங்கின.

திருவிழாவுக்கு? அந்த ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். திடலில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கிவிடும். நம் சின்னப் பெட்டி அங்கே தாங்காது.

இப்போது ஸ்பீக்கர்கள் பாடுவோருக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து நிற்கின்றன. பெரியம்மா முன்வரிசைக்கு வந்துவிட்டார். போன வாரம் என் மைக்கைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னார்.