கொல்லைப்புறத்துக்கு ஒரு ஆடிட்!

பழைய தோட்டத்தைப் புதுப்பிக்கணும் என்று முடிவெடுத்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம், கொத்தனாருக்கு போன் போடுவது. அவரும் வந்து, இடுப்பில் கை வைத்தபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதுக்கு சார் இந்தக் குப்பையெல்லாம்? சிமென்ட் போட்டு டைல்ஸ் பதிச்சுட்டா ரெண்டு பைக் நிறுத்தலாமே!" என்பார். நமக்கும் சபலம் தட்டும்.

அடியேன் பி.காம். ஓடுகிற கடையை வாங்குகிறவன் எடுத்த எடுப்பிலேயே ஷட்டரை இழுத்துப் பூட்டுவானா? ஸ்டாக் எடுப்பான். எங்கள் சென்னைப் புறநகர் வீட்டின் 400 சதுர அடி கொல்லையில் நானும் அதைத்தான் செய்தேன்.

முதல் அயிட்டம், வெயில். காலை, மதியம், சாயங்காலம் எங்கெங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா குறித்தேன். ஆறு மணி நேரம் வெயில் படுகிற இடம் தக்காளிக்கும் கத்தரிக்கும். அரை நிழல் புதினாவுக்கும் கீரைக்கும்.

இரண்டாவது, மண். ஒரு அடி தோண்டினால் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் கட்டி, காய்ந்துபோன சிமென்ட். வீடு கட்டினபோது புதைத்த பொக்கிஷம்! சுண்ணாம்பு ஏறின மண்ணில் செடி வெளுத்துத்தான் நிற்கும். அதைப் பொறுக்கி வெளியே போட்டு, தொழு உரமும் சருகும் கலந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கிற செடிகள். "பூக்கவே மாட்டேங்குது, பிடுங்கிடு" என்று பக்கத்து வீட்டு மாமா தீர்ப்பு சொன்ன செம்பருத்திக்குத் தேவைப்பட்டது கத்தரிதான். அது புதுக்கிளையில்தான் பூக்கும். மல்லிகையை நவம்பர் கடைசியில் ஒன்றரை அடிக்கு வெட்டிவிட்டால் கோடையில் பூவாகக் கொட்டும். முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டுங்கள். அடுத்த தடவை கொக்கி தேடி அலைய வேண்டாம். கறிவேப்பிலையை நுனியோடு கிள்ளினால் புதராகக் கிளைக்கும்.

இத்தனையும் ஆன பிறகும் டைல்ஸ் ஆசை முழுசாகப் போகவில்லை. அம்மாதான் கேட்டாள்: "எல்லாத்தையும் மூடிட்டா, கிணத்துக்கு யாருடா தண்ணி குடுப்பா?"

கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 400 சதுர அடி, சுமார் 37 சதுர மீட்டர். சென்னையில் வருஷத்துக்கு 1,300 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொண்டாலே 48 ஆயிரம் லிட்டர்! 12 ஆயிரம் லிட்டர் லாரியில் நாலு லோடு. பாதி ஆவியாகிப் போனாலும் ரெண்டு லோடு நம் மண்ணுக்குள் இறங்கும். சிமென்ட் போட்டால் அத்தனையும் தெருச் சாக்கடைக்கு.

2019 ஜூனில் எங்கள் கிணறு வற்றி, லாரிக்குக் குடத்தோடு நின்ற வரிசையில் நானும் இருந்தேன். மொட்டை மாடி மழைநீரைச் சேமிக்கச் சொல்லி 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிவிட்டார்கள். கொல்லைப்புற மண்ணை மூடாமல் வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நடக்க மட்டும் நாலைந்து கல் பலகை பதித்தேன், நடுவில் மண் தெரிகிற மாதிரி. கை அலம்புகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பினேன். மொத்தச் செலவு: ஒரு கத்தரிக்கோல், மண்வெட்டிக்குப் புதுப் பிடி, ரெண்டு மூட்டை எரு, மூன்று ஞாயிற்றுக்கிழமை.

பைக் தெருவிலும் நிற்கும் சார். மழைக்கு நிற்க வேறு இடம் ஏது?