குடும்பயோகங்களின் ஊரில் கொடிவழி தேடுவோர்

தாத்தாவின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தாத்தாவின் பெயரைக் கேட்டால் பலர் தயங்குவோம். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்து ஒரு தலைமுறையை மட்டுமே சுமக்கிறது. அடுத்த தலைமுறை பிறந்ததும் பாட்டன் பெயர் உதிர்ந்துவிடுகிறது. கொச்சியில் நிலைமை வேறு. கலூரின் அடுக்ககத்தில் குடியிருப்பவர் ஆயினும், மட்டாஞ்சேரியின் பழைய தெருவில் வாழ்பவர் ஆயினும், பலருக்குத் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சுற்றி வளர்ந்ததே குடும்பயோகம்.

ஒரு மூலக் குடும்பத்திலிருந்து பிரிந்த கிளைகள் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கம் இது. சிரியன் கிறித்தவரிடையே மிகுதி. நாயர் தறவாடுகளிலும் காணலாம். திருவிதாங்கூர் - கொச்சிப் பகுதிக்கான 1955ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவு பெற்றவையும் பல. தலைவர், செயலர், ஆண்டுக் கூட்டம், விருந்து எல்லாம் உண்டு. எனினும் நிலைத்து நிற்பது குடும்ப வரலாற்று நூலே. கிளைதோறும் ஒருவர் பொறுப்பேற்றுப் பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களைத் திரட்டுகிறார். வளைகுடாவில் பிறந்த பேரக்குழந்தை, தன் பெயர் அச்சேறிய பக்கத்திலிருந்து மேல்நோக்கி விரலை நகர்த்தி மூதாதையரைக் கண்டுகொள்ளலாம்.

இந்நூல்களின் முதல் அத்தியாயத்தை மட்டும் சற்று ஐயத்துடன் படிப்பது நலம். கி.பி. 52இல் வந்ததாக மரபு கூறும் புனித தோமாவிடம் திருமுழுக்குப் பெற்ற பகலோமற்றம், சங்கரபுரி போன்ற குடும்பங்களில் சென்று முடியும் வரலாறுகள் ஏராளம். இடைப்பட்ட நூற்றாண்டுகளுக்குச் சான்று காட்டுவது அரிது. அண்மைய ஐந்தாறு தலைமுறைகளைக் கூறும் பக்கங்களே பொன் போன்றவை.

சான்று தேடுவோருக்குக் கொச்சியில் வழிகள் உண்டு. ஃபோர்ட் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் டச்சுக்காரர் காலத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 1751 முதல் 1804 வரையிலான பதிவுகள் கொண்ட அந்நூல், 1932இல் செப்பனிடுவதற்காக இங்கிலாந்து வரை சென்று திரும்பியது. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் கற்களிலும் பெயர்களும் ஆண்டுகளும் உள்ளன. பழைய கொச்சி அரசின் ஆவணங்கள் எர்ணாகுளம் வட்டார ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொச்சியின் டச்சு நிர்வாகத் தாள்களுக்கோ சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்கு வரவேண்டும்!

நாயர் குடும்பங்களுக்குப் பாகப் பத்திரம் பெருந்துணை. மருமக்கள் தாயத்தில் குடும்பம் தாய்வழியே தொடர்ந்ததால், சொத்துப் பிரித்த நாளில் பங்கு பெற்ற பெண்களும் அவர்களின் மக்களும் பெயர் பெயராக எழுதப்பட்டனர். கூட்டுக் குடும்ப முறையைக் கேரளச் சட்டம் ஒன்று 1976இல் முடித்துவைத்தது. பத்திரங்களில் அக்குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன.

நிலமும் தேவாலயப் பதிவும் இல்லாதவர் என்ன செய்வது? ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் கூறும் வரலாறு. 1976இல் கட்டப்பட்ட தோபிக்கானாவில் தொழில் இன்றும் நடைபெறுகிறது. வெளுக்கக் கொடுத்தவரின் பெயர் தேவாலய ஏட்டிலும் கல்லறைக் கல்லிலும் நின்றது. வெளுத்தவரின் பெயர் முதியோர் நினைவில்தான் நிற்கிறது. அந்த முதியோர் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைக் கேட்டு ஒலிப்பதிவு செய்வது அவசரமான பணி எனக் கருதுகிறோம்.

பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த தமிழருக்கு இன்னொரு துணையும் உண்டு. அது குலதெய்வம். பூர்விக ஊரின் பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரை மறப்பதில்லை. அங்கே கொடைக்காகப் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்குவோர் கையில் ஒரு நோட்டு இருக்கும். யார் எந்த வகையறா, தந்தைக்குப் பின் எந்த மகன் தனித் தலைக்கட்டு ஆனான் என்பதெல்லாம் அதில் தெரியும். ஏறத்தாழ அதுவும் குடும்பயோகத்தின் ஏடுதான். குறை ஒன்றே: தலைக்கட்டு ஆண் பெயரில் எழுதப்படுவதால், மணமாகிப் போன பெண்ணும் மணமாகி வந்த பெண்ணும் அதில் இடம்பெறுவதில்லை. அடுத்த கொடைக்குப் புது நோட்டுப் போடும்போது மனைவியின் பெயருக்கும் அவர் பிறந்த ஊருக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

வங்கியின் பணியிலும் இத்தகைய தேடல் பயன்படுகிறது. பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புத்தொகைகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் தேட, கணக்கு வைத்திருந்தவரின் பெயருடன் பிறந்த தேதி, முகவரி போன்ற வேறொரு விவரமும் வேண்டும். பாட்டியை வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, பதிவில் இருக்கும் பெயர் வேறு என்றால் தேடல் அங்கேயே நின்றுவிடும். இரண்டையும் குறித்துவைத்திருக்கும் குடும்பத்திற்குச் சிக்கல் குறைவு.

வீட்டுக் கடனுக்காக நம் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் தாய்ப்பத்திரமும் ஒரு வம்சாவளியே. இன்னாரின் குமாரர், இன்னாரின் பேரன், இன்னார் மனைவி என்று அது சொல்லிச் செல்லும் பெயர்கள் வேறெங்கும் எழுதப்படாதவையாக இருக்கலாம். கடன் தீரும்வரை அது வங்கியின் பாதுகாப்பில் இருக்கும். ஒப்படைக்கும் முன் ஒரு நகல் எடுத்து, வீட்டில் மூத்தவரை அருகில் அமர்த்தி, அப்பெயர்கள் யார் யார் என்று கேட்டு ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.