இடுப்பில் செருகும் பிஸ்டலும் பத்தடி லயக்காம்பராவும்

மலையகத்தின் ராகலை பஸாரில் கடை பூட்டிவிட்டு அன்றைய வசூலோடு வீடு திரும்புபவருக்கும், விடிவதற்கு முன் மரக்கறி லொறியில் ஏறுபவருக்கும் ஒரே பயம்தான். கையில் காசு இருக்கிறது, ரோட்டில் பனிமூட்டம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆளில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து சொல்வதுபோல போனில் வீடியோக்கள் வந்து விழுகின்றன. அமெரிக்கர் ஒருவர் உள்ளங்கை அளவு பிஸ்டல்களை மேசையில் பரப்பி, எது எடை குறைவு, எது சட்டைக்குள் துருத்தாமல் இருக்கும், எதில் எத்தனை ரவை போடலாம் என்று விளக்குகிறார். பார்க்கும் இளைஞர்களுக்கு அடுத்த கேள்வி தானாகவே வருகிறது: இங்கே நாமும் இப்படி ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா?

அமெரிக்காவில் அது அன்றாட வியாபாரம். 2018 இல் சந்தைக்கு வந்த சிக் சவர் பி365 என்ற பிஸ்டல் ஏறக்குறைய அரைக் கிலோ எடையில் பத்து ரவைகளைத் தன் ரவைப்பெட்டிக்குள் அடக்கியது. அதன்பிறகு எல்லாக் கம்பனிகளும் அதே அளவில் போட்டிக்கு இறங்கின. வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி கொண்டுசெல்வது அரசியலமைப்பு உரிமை என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. பக்கத்து இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 2012 டில்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, கான்பூர் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவோல்வரைப் பெண்களுக்கென்று 2014 இல் விற்பனைக்கு விட்டது. எடை 500 கிராம், விலை ஒரு இலட்சத்து இருபத்திரண்டாயிரம் இந்திய ரூபாய்க்கு மேல். பஸ்ஸிலும் வயலிலும் பயந்து நடக்கிற பெண்களில் எத்தனை பேரால் அந்த விலையைக் கொடுக்க முடியும்? கொடுத்து வாங்குவதற்கும் அங்கே ஆயுதச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும்.

இலங்கையில் கதை முற்றிலும் வேறு. இங்கே துவக்கு வைத்திருப்பது யாருக்கும் உரிமை கிடையாது. அரசாங்கம் ஆராய்ந்து, ஆளைப் பார்த்துத் தருகிற, வேண்டாமென்றால் திருப்பி வாங்கிக்கொள்கிற அனுமதி அது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்கு என்றால் மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும். பிஸ்டல், ரிவோல்வர் போன்றவற்றைத் தற்பாதுகாப்புக்குக் கேட்பவர் பாதுகாப்பு அமைச்சிடம் விண்ணப்பித்து, தன் உயிருக்கு உண்மையான அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். கிடைத்த அனுமதியும் ஒவ்வொரு டிசம்பர் 31 ஆம் திகதியோடு முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அனுமதி பெற்றவர்களின் நிலையும் எவ்வளவு உறுதியற்றது என்பதை 2024 நவம்பரில் நாடே பார்த்தது. தற்பாதுகாப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட துவக்குகளையும் ரவைகளையும் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கட்டளையிட்டது. வெலிசறை கடற்படை வளாகத்திலுள்ள களஞ்சியத்தில் நவம்பர் 7 ஆம் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும் என்றார்கள், பிறகு அவகாசம் நீட்டப்பட்டது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள்கூட ஒப்படைக்க வேண்டியிருந்தது. யாருக்கு உண்மையிலேயே தேவை என்று மறுபடி ஆராய்ந்து பார்த்துத்தான் திருப்பித் தருவோம் என்பது அமைச்சின் நிலைப்பாடு. அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் கள்ளத்தனமாக ஒன்று? கேள்வியை இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். 1996 இன் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. டி-56 போன்ற தானியங்கித் துவக்கை வைத்திருந்த குற்றத்துக்கே ஆயுள் தண்டனை வரை போகலாம். அதைவிட முக்கியமானது, சட்டம் சொந்தக்காரரை மட்டும் பிடிப்பதில்லை என்பது. உடைமையில் இருப்பதும் பொறுப்பில் இருப்பதும் பயன்படுத்துவதும் ஒரே பிரிவுக்குள் வருகின்றன. கொழும்பில் வேலை செய்யும் கூட்டாளி தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்து, "மச்சான், இந்த பேக்கை ரெண்டு நாளைக்கு வச்சிரு" என்று கொடுத்துவிட்டுப் போனால், பொலிஸ் வந்து தட்டுவது பேக் இருக்கும் வீட்டுக் கதவைத்தான். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதை நீதிமன்றம் நம்பும்படி சொல்ல வேண்டிய நிலை பேக்கை வைத்துக்கொண்டவருக்கு வரலாம்.

2025 பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். குற்றவியல் நடைமுறைச் சட்டக் கோவையின் பக்கங்களைக் குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள் ரிவோல்வர் ஒன்றை ஒளித்து உள்ளே கொண்டுவந்தார்கள். சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட பாதாள உலகக் கும்பல் தலைவர் எனப்பட்ட கணேமுல்ல சஞ்சீவவை நீதிமன்ற அறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றான். சுட்டதாகச் சொல்லப்பட்டவர் அன்றே அகப்பட்டார். புத்தகத்தைக் கொண்டுவந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட பெண் எட்டு மாதங்களுக்குப் பிறகு நேபாளத்தில் கைதானார். இடையில் உதவியவர்கள், ஒளித்துவைத்தவர்கள் என்று பலர் விசாரணைக்குள் இழுக்கப்பட்டார்கள். ஒரு சின்ன ரிவோல்வர் எத்தனை பேரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது என்பதை அந்த வழக்கின் கைதுப் பட்டியலே காட்டும்.

சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, பிஸ்டல் உண்மையிலேயே காப்பாற்றுமா என்று மட்டும் பார்த்தாலும் வீடியோக்கள் சொல்லாமல் விடுவது நிறைய. துவக்கு சின்னதாக ஆக, சுடும்போது கை அதிகம் உதறும். குழல் குட்டையானதால் குறி சுலபமாகத் தவறும். மாதக்கணக்கில் சுட்டுப் பழகாதவர் கையில் அது எதிரே நிற்பவரைவிடப் பின்னால் நிற்பவருக்கே ஆபத்து. 1983 இல் டெனிஸ் டூலர் என்ற அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் நேரம் குறித்துப் பார்த்தார். கத்தியோடு ஓடிவருபவர் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற பொலிஸ்காரர் உறையிலிருந்து துவக்கை எடுத்துச் சுடுவதற்கும் அதே நேரம்தான் பிடிக்கிறது. சட்டைக்கும் ஜெர்சிக்கும் அடியில் மறைத்துவைத்ததை, குளிரில் விறைத்த விரல்களால் எடுக்க அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். வழிப்பறிக்காரர் அவ்வளவு தூரத்தில் நின்று அறிவித்துவிட்டு வருவதுமில்லை.

2022 மே 9 ஆம் திகதி நிட்டம்புவவில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துவக்குச் சத்தம் கேட்டது, வழிமறித்த ஆர்ப்பாட்டக்காரர் கூட்டம் கலையவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துக்கோரளவும் அவரது பொலிஸ் பாதுகாவலரும் அந்த இடத்திலேயே உயிரிழந்தார்கள். அரசாங்கம் கொடுத்த ஆயுதமும் பயிற்சி பெற்ற காவலரும் கூட இருந்தும் நடந்த முடிவு அது.

இனி வீட்டுக்குள். பகலில் இடுப்பில் இருப்பது இரவில் எங்கே இருக்கும்? தோட்டத்தில் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவிலும் அதற்கு முன்னால் இழுத்துக் கட்டிய இஸ்தோப்பிலும் வாழ்கிறார்கள். தகரக் கூரை, பக்கத்துக் காம்பராவின் இருமல்கூடக் கேட்கும் சுவர், ஒரே றங்குப் பெட்டிக்குள் பள்ளிச் சான்றிதழும் சம்பளச் சிட்டையும் கல்யாணச் சேலையும். அதற்குள் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், குடித்துவிட்டு வரும் மாமனின் கைக்கு எட்டாமல் ஒரு துவக்கை ஒளித்துவைக்க இடமே இல்லை. வெளியிலிருந்து வரும் திருடனைவிட, உள்ளேயே கிளம்பும் கோபம்தான் இந்தச் சுவர்களுக்குள் அடிக்கடி நடப்பது.

கலிபோர்னியாவில் 2 கோடி 63 இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020 இல் வெளிவந்த ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து உறுதி செய்கிறது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கும், பெண்கள் 35 மடங்கும் அதிகமாகத் துவக்கால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இந்த ஆபத்தை இலங்கை வேறொரு வடிவத்தில் நன்றாக அறியும். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதங்களில் ஒன்று நம்முடையது. கொடிய பூச்சி மருந்துகளைத் தடைசெய்த பிறகு அது மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. மனது உடைந்துபோகிற அந்தச் சில நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. மனப்பாரம் தாங்க முடியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தற்காப்பு உரிமை என்று ஒன்று சட்டத்தில் உண்டு, அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தண்டனைச் சட்டக் கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காக்க ஒவ்வொருவருக்கும் அனுமதி தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, பொலிஸை அழைக்க நேரம் இருந்தால் தானே கையில் எடுக்கவும் கூடாது. இரவில் வீடுடைத்து வருபவனுக்கும் பகலில் நான்கு லீக்ஸ் பிடுங்கிக்கொண்டு ஓடுபவனுக்கும் சட்டம் வேறுபாடு காட்டுகிறது. ஓடுபவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் எடுபடாது. தற்காப்புக்காகவே செய்தேன் என்று காட்ட வேண்டியதும் சுட்டவர்தான்.

மலையகத்தில் இன்று உண்மையாக ஆளை முடமாக்குகிற துவக்கு இடுப்பில் இருப்பது அல்ல. பற்றைக்குள் பன்றிக்குக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குதான். முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும். விறகுக்குப் போகிறவர், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவர், ஆற்றோரக் குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று யாருடைய கால் எனக் கேட்டு அது வெடிப்பதில்லை. தீனிக்குள் வெடிமருந்தை வைத்து விலங்கின் வாயைச் சிதைக்கும் பன்றி வெடியும், கம்பித் தடமும் இதன் கூடப்பிறந்தவை. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் தடத்தில் கழுத்து சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் மே 29 ஆம் திகதி இறந்தது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறிப் போட்டால் வருகிற வயிற்றெரிச்சல் பொய்யல்ல. ஆனால் கட்டுத்துவக்கு கட்டியவர், அதில் ஆள் செத்தால், அனுமதியில்லாத துவக்கு என்ற குற்றத்தோடு கொலைக் குற்றச்சாட்டுக்கும் முகம்கொடுக்க நேரலாம்.

கம்பியோ குழலோ கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். வந்த கால்தடத்திலேயே பின்வாங்கி, பொலிஸுக்கு 119 இலும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலும் அறிவிக்க வேண்டும். காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியைப் புண்ணின் மேல் வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது இலவசம். பொலிஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து வீட்டில் வைத்துக் கட்டுப்போட்டுக் காலை இழக்கக் கூடாது.

மிரட்டப்படுகிறவருக்கு வேறு வழிகள் உண்டு. பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, அதன் பதிவு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்க வேண்டும். அரச அலுவலருடன் தமிழிலேயே தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. ஆகவே வாக்குமூலம் புரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் 1960, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. புருஷனோ வீட்டு ஆளோ அடிக்கிறார், வெட்டுவேன் சுடுவேன் என்கிறார் என்றால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாள் வரை இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை முழுக் கட்டளை. பெண்கள் உதவிக்கு 1938. சாட்சி சொல்லப் பயப்படுகிறவருக்கு 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புக் கேட்க இடம் தருகிறது. இவை எல்லாம் மெதுவாக நகர்வது உண்மைதான். இருந்தும் எழுத்தில் பதிவான முறைப்பாடு ஒன்று இருப்பவரை மிரட்டுபவர் இரண்டாம் முறை யோசித்துத்தான் நெருங்குவார்.

துவக்கு என்ற சொல் தோட்டத்து நினைவில் எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாவில் கோவிந்தனும், 1977 மே 11 ஆம் திகதி தலவாக்கலை டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனும் பொலிஸ் சூட்டில் விழுந்தார்கள். சம்பளமும் நிலமும் கேட்டவர்கள் துவக்கோடு போகவில்லை. அந்த இரண்டு பெயரும் இன்றுவரை கூட்டங்களில் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, பலர் கேட்கத் தயங்குகிற ஒரு விடயம். தோட்டத்துக் காவலாளியாக இருந்த தாத்தாவின் பழைய துவக்கு பரணில் கிடக்கிறது, அனுமதிப்பத்திரம் அவர் பெயரில், அவரோ இறந்து வருடங்களாகிவிட்டன. அந்த அனுமதி மகனுக்கோ பேரனுக்கோ தானாகச் சேராது, ஆகவே அது இப்போது அனுமதியில்லாத துவக்குதான். சுட்டுப் பார்ப்பதோ விற்பதோ மண்ணில் புதைப்பதோ இன்னொரு குற்றம். அதை எடுத்துக்கொண்டு ரோட்டில் நடக்கவும் வேண்டாம். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, அவர் மூலம் பொலிஸுக்கு அறிவித்து, வீட்டுக்கு வரச்சொல்லி ஒப்படைக்க வேண்டும். மரணச் சான்றிதழையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் காட்டி, துவக்கின் இலக்கம் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டை அன்றே கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.