உங்களுக்குத் தெரியுமா? பவளம்: பாதி கல், பாதி உயிர்

● காஞ்சிபுரத்துப் பவளவண்ணர் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அந்தப் பெருமாளின் திருநாமத்தில் இருக்கும் பவளம் மண்ணில் விளைந்த கல் அல்ல, கடல் பிராணி ஒன்று கட்டிய கூடு! நகைக்கடைச் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் எடுக்கப்படுவது. நம் கடலில் இருப்பவை வேறு வகை. அவை பாறையாகவே வளர்கின்றன.

● ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இந்தப் பாறைகள் உண்டு. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது.

● பாறையின் மேல்தோல் மட்டும்தான் உயிருள்ளது. அங்கே பவளப்பூச்சிகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு பாசி சமைக்கும் உணவில் பெரும்பங்கு பூச்சிக்கே போகிறது. பூச்சி பாசிக்கு இடம் தருகிறது. அடியில் இருப்பதெல்லாம் முன்னோர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு.

● அந்தச் சுண்ணாம்போடு வெயில், உப்பு, இளஞ்சூடு, தெளிந்த நீர் என்ற உயிரற்ற கூறுகளும் சேர்ந்தால்தான் பவளம் வாழும். வண்டல் கலங்கினால் வெயில் இறங்காது. ஆறுகளின் முகத்துவாரத்தில் பவளம் செழிக்காததற்கு நன்னீரும் சேறுமே காரணம்.

● கிளிமீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்னும். விழுங்கிய சுண்ணாம்பு வெள்ளை மணலாக வெளியேறும். தீவுக் கரையில் கால் பதியும் மணலில் இதுவும் ஒரு பங்கு.

● கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பூச்சி பாசியை வெளியேற்றிவிடும். பவளம் வெளுத்துப்போகும், சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நடந்தது.

● சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் இந்தப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனது; அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகே சுருங்கிவந்த வான் தீவைக் காக்கக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். மனிதன் இறக்கும் கான்கிரீட் அலையைத் தடுக்கலாம். தானே வளர்ந்து தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள, அதன்மேல் பவளம் குடியேறியாக வேண்டும்.

● 2001 முதல் பாறைப் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம். புலியும் அதே பட்டியலில்தான். ராமேஸ்வர யாத்திரை போகும்போது வெள்ளைப் பவளத்துண்டை யாரேனும் அழகுப்பொருளாக நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.