முன்பணம் கொடுக்கும்முன் குழாயைத் திறந்து பாருங்கள்

சென்னையில் எங்கள் முதல் வீட்டை வாங்க ஏறக்குறைய முடிவே செய்துவிட்டோம். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நான்காவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கடந்த ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் அதைப் பார்க்கப் போனபோது, முன்பணத்துக்கான இரண்டு லட்ச ரூபாய் காசோலை என் கைப்பையில் இருந்தது.

என் கணவர் மதுரைக்காரர். சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் குடியுரிமை உள்ளவர். மதுரையில் தனியாக இருக்கும் அத்தை, வேளச்சேரியில் உள்ள மகளுக்கு அருகில் குடியேற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீடு. பத்து ஆண்டுச் சேமிப்பு அதற்குள் போகப்போகிறது.

விற்பனை அலுவலகத்தில் குளிர்சாதனமும் இளநீருமாக நல்ல உபசரிப்பு. நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம் என்று வண்ண வண்ணப் படங்கள். நானும் கேள்வி கேட்டேன். பேருந்து வருமா, கடை பக்கமா, பால்கனியில் காற்று வருமா என்றெல்லாம். தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை. வீவக வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது ஒரு கேள்வியே அல்ல.

அத்தைக்கு உள்ளே உட்காரப் பிடிக்கவில்லை. வெளியே போய்க் காவலாளியின் அறை வாசலில் நின்றார். அங்கிருந்த வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“மே மாசம் தண்ணிக்கு என்னப்பா பண்ணுவீங்க?”

“லாரிதாங்கம்மா. போன மாசம் தினமும் ஆறு லாரி வந்துச்சு. லாரி லேட்டாச்சுன்னா காலையிலயே குழாய் நின்னுடும்.”

விற்பனை அலுவலகத் தம்பி சிரித்துக்கொண்டே, “மெட்ரோ தண்ணீர் விரைவில் வந்துவிடும், மேடம்” என்றார். வானொலியில் வேலை பார்ப்பவள் நான். தேதி தெரியாதபோது நாங்களும் ‘விரைவில்’ என்றுதான் சொல்வோம்.

காசோலை அன்று கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. அக்கம்பக்கத்து விலையைவிட எட்டு லட்சம் குறைவு, விட்டால் கிடைக்காது என்று கணவருக்குக் கோபம். அன்றிரவு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அத்தைதான் சொன்னார்: “வாங்குறதுன்னா வாங்குங்க. ஆனா அங்க குடியிருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.”

ஏற்கெனவே ஆட்கள் குடியேறியிருந்த முதல் கட்டடத்துக்குப் போனோம். மூன்றாம் மாடியில் இருந்த ஓர் அம்மா பராமரிப்புக் கட்டண ரசீதுகளைக் காட்டினார். ஜனவரியில் 4,500 ரூபாய். மே மாதத்தில் 7,200. கூடுதல் தொகை முழுக்க லாரித் தண்ணீருக்கு. கணவர் அந்த இரண்டு ரசீதுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எட்டு லட்சத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

வரும் தண்ணீர்

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் செய்தியில் படித்தோம். வீடு வாங்குபவர் அதை மறக்கக்கூடாது. கேட்க வேண்டியது மூன்று. குடிநீர் வாரியத்தின் இணைப்பு, அதாவது மெட்ரோ தண்ணீர், இன்று இருக்கிறதா? ஆழ்துளைக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்குமா? போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள்?

தண்ணீரின் தரத்தையும் பாருங்கள். அதில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. நாங்கள் பார்த்த வீட்டில் 1,600 காட்டியது.

மின்சாரம்

புதுக் கட்டடத்தில் விளக்கு எரிவதால் மட்டும் இணைப்பு கிடைத்துவிட்டதாக நினைக்கக்கூடாது. அது கட்டுமானப் பணிக்கு வாங்கிய தற்காலிக இணைப்பாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா, கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று கேளுங்கள். பழைய வீடென்றால் ஈபி ரசீது யார் பெயரில் உள்ளது, பாக்கி ஏதும் உண்டா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; கடைசி மூன்று ரசீதுகளைப் பார்த்தால் அரை ஆண்டுக் கணக்கு தெரிந்துவிடும்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் எதற்கு என்றும் கேளுங்கள். சில இடங்களில் அது மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் மட்டும்தான். மின்தூக்கி நின்றால், மூட்டுவலிக்காரரான அத்தைக்கு நான்காம் மாடி சிறையாகிவிடும்.

போகும் தண்ணீர்

வீட்டுக்கு வரும் தண்ணீர் எப்படி வெளியே போகிறது? பாதாளச் சாக்கடை இணைப்பா, வளாகத்திலேயே சுத்திகரிப்பு நிலையமா, கழிவுத்தொட்டியா? தொட்டியென்றால் அள்ளவும் லாரிதான். சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மாலையில் அதன் பக்கமாக ஒருமுறை நடந்துபாருங்கள். ஓடவில்லை என்றால் மூக்கே சொல்லிவிடும்.

மழைநீரைப் பற்றி எனக்குச் சொன்னவர் நாத்தனார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. தரையடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சாக்கடையும் கலந்துவிட்டது. “சாலையைவிடத் தரைத்தளம் எவ்வளவு உயரம், மீட்டர் பெட்டி எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க அண்ணி” என்றார். எதிர்ப்பக்கக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், சுவரில் கைவைத்தே காட்டுவார்.

நமக்கு ஒரு வசதி உண்டு. ஜூன் விடுமுறை சென்னையின் வெயில் காலம். ஆண்டிறுதி விடுமுறை அங்கு மழைக்காலம். ஒரே வீட்டை இரண்டு விடுமுறையிலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் ‘ரேரா’ சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யாமல் கட்டுமான நிறுவனம் விலையில் 10 விழுக்காட்டுக்குமேல் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும். ஆனால் இல்லாத தண்ணீரை எந்தச் சட்டத்தாலும் குழாயில் வரவழைக்க முடியாது.

கடைசியில் நங்கநல்லூரில் பத்து ஆண்டுப் பழைய கட்டடத்தில், முதல் மாடியில் சிறிய வீடு ஒன்றை வாங்கினோம். ஜூனில் ஒருமுறை, டிசம்பர் மழையில் ஒருமுறை பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம். நீச்சல்குளம் கிடையாது. மெட்ரோ தண்ணீர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் இருக்கின்றன. சாவி வாங்கிய அன்று பூசையறையைக்கூடப் பார்க்காமல் அத்தை நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

இப்போதும் இரவில் ஒரு வாளி பிடித்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். போன வாரம் தொலைபேசியில், “அதான் குழாய்ல நல்லா வருதே அத்தை?” என்றேன்.

“வருதும்மா. வாளி பாட்டுக்கு அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.”