இளைக்க ஊசியா? கொஞ்சம் நில்லுங்கள்!

“வாரத்துக்கு ஒரு ஊசியாம், மடமடன்னு இளைச்சுடலாமாம்!” நாலு பெண்கள் கூடினால் இதே பேச்சுதான். மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகள் 2025-ல் நம் நாட்டுக்கு வந்தபின் ஆசை இன்னும் அதிகம்.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல இவை வேலை செய்கின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, பசி மந்தமாகிறது, உடம்பு இளைக்கிறது. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பலன் உண்டு. பக்கத்து வீட்டு மாமி போட்டுக்கொண்டாளே என்று நாமும் போட்டுக்கொள்ளும் சமாசாரமில்லை!

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் பலருக்கு வரும்; பெரும்பாலும் போகப் போகக் குறையும். ஆனால் மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி வந்து முதுகுவரை பரவினால், ‘வாயு’ என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். கணையம் வீங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கோளாறாக இருக்கலாம். வாந்தி பேதி நிற்காவிட்டால் நீர் வற்றி சிறுநீரகம் கெடும்.

இளம் தாய்மார்களே, கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது. குழந்தை வேண்டுமென்றால் வெகோவியை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மவுன்ஜாரோ, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். ஆரம்பித்ததும் 4 வாரம், அளவைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் 4 வாரம் வேறு பாதுகாப்பும் தேவை. பால் கொடுக்கிறீர்களா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டென்றால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து தரும் டாக்டரிடம் ஊசி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இடுப்பு மெலியாவிட்டால் குடி முழுகிவிடாது, சகோதரிகளே. உடம்பு நன்றாக இருந்தால்தானே வீடு நடக்கும்!