கால்வாய் வழியே மாமல்லபுரம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்ல இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் இருந்தால் போதும். முன்னாளில் அதே பயணத்திற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கினோர் உண்டு. அவர்கள் சென்ற வழி நிலவழியன்று, நீர்வழி. கடலுக்குச் சற்று மேற்கே, கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயே அது.

1934ஆம் ஆண்டில் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் தோணியேறி இவ்வழியே மாமல்லபுரம் சென்றார். ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர் உடன் சென்றனர். அப்பயணம் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாயிற்று. செலவு என்பது இங்கே பணச் செலவைக் குறிப்பதன்று. பயணம் என்பதே பொருள். வெயிலும் பனையும் நிலவும் அக்கவிதையில் இடம்பெறுகின்றன. அவற்றோடு, கரையில் நடந்தவாறே தோளில் கயிறு பற்றித் தோணியை இழுக்கும் ஒருவனும், கோலூன்றி அதனைத் தள்ளும் மற்றொருவனும் வருகின்றனர். அவர்களைக் கண்டதும் கவிஞரின் உள்ளம் இயற்கைக் காட்சியை விட்டு மனித உழைப்பின் பக்கம் திரும்பிவிடுகிறது.

இக்கவிதையைப் பற்றி மாணவரிடம் பேசும்போதெல்லாம் நான் ஒரு வினாவை எழுப்புவது வழக்கம். நீரில் மிதக்கும் தோணியை ஏன் கயிறு கட்டி இழுக்கவேண்டும்? நீரோட்டமே அதனைக் கொண்டு செல்லாதா?

விடை காண, ஆற்றுக்கும் இக்கால்வாய்க்கும் உள்ள வேறுபாட்டை அறியவேண்டும். ஆறு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பாய்கிறது. இக்கால்வாயோ கடற்கரைக்கு இணையாக, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்தது. கரையோரத்து உப்பங்கழிகளை ஒன்றோடொன்று இணைத்தே இதனை உருவாக்கினர். அடையாறு, கோவளம், பாலாறு முதலிய முகத்துவாரங்களின் வழியே கடல் ஓதம் உட்புகும், பின்னர் வடியும். நம் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. ஆகவே முகத்துவாரத்தின் அருகில் நீர் ஒருபொழுது உள்நோக்கியும், மறுபொழுது வெளிநோக்கியும் அசையும். தொலைவில் அசைவு மிகக் குறைவு. நீர் அளவுக்கு மேல் வடிந்துவிடாமல் காப்பதற்கு ஆங்காங்கே கதவணைகள் இருந்தன. காற்று இசைந்தால் பாய் விரிக்கலாம். இசையாவிடின் கயிறும் கோலும் மனிதத் தோளுமே துணை.

கோடையில் இன்னுமோர் இடர். ஆறுகள் வறண்டு, உள்ளிருந்து தள்ளும் நீர் இல்லாதபோது, கடலலை முகத்துவாரத்தில் மணலைக் குவித்து அதனை அடைத்துவிடும். ஓதம் உள்ளே வர வழியின்றிக் கால்வாயின் நீர் தாழும்; தோணியின் அடி தரைதட்டும். எனவே மணலையும் சேற்றையும் இடைவிடாது அகற்றினாலன்றி இத்தகைய நீர்வழி நிலைபெறாது.

ஓய்வுபெற்றபின் ஒரு கோடை விடுமுறையில், என்னைப் போன்ற முன்னாள் ஆசிரியர் மூவருடன் முட்டுக்காட்டிற்குச் சென்றேன். அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை உள்ளது. துடுப்புப் படகொன்றில் ஏறிக் காற்றோடு சென்றபோது நாங்கள் பழைய கதைகள் பேசிக் களித்தோம். திரும்புகையில் எதிர்காற்று. பேச்சு நின்றது, மூச்சு வாங்கியது. நான்கு பேர் ஏறிய சிறு படகே எங்களை இவ்வாறு வருத்துமாயின், விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய பெருந்தோணியை நாள்தோறும் இழுத்தவர் பாடு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இக்கால்வாயின் வரலாறும் அத்தகைய உழைப்பின் வரலாறே. 1801இல் தொடங்கி 1806க்குள், சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற்பகுதி வெட்டப்பட்டது. அப்பகுதி கொக்ரேன் என்னும் வணிகரின் பெயரால் வழங்கியது. 1837இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. வடக்கும் தெற்கும் அது நீண்டது. 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் நாட்டை வாட்டியபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசித்த வயிற்றோடு வந்தவர்கள் மண் சுமந்தார்கள். கால்வாய்க்கு அமைந்ததோ அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்! ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இவ்வழியின் தென்பகுதி, இன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையை முழுதும் தழுவிச் செல்கிறது.

இரயிலும் லாரியும் சரக்கைக் கவர்ந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சேறு தூர்ந்தது, தோணிகள் அகன்றன. சென்னை நகருக்குள் கழிவுநீர் கலந்தது. பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயின் நடுவே எழுந்தன. ஆயினும் அதன் பயன் அடியோடு ஒழிந்துவிடவில்லை. மழைவெள்ளம் கடலை அடைய இன்றும் அது ஒரு வடிகால். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, பல இடங்களில் அலைநீரின் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கி அதன் வேகத்தைத் தணித்தது. 2008இல் இதனையும் உள்ளடக்கித் தேசிய நீர்வழி எண் 4 அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மட்டும் சேற்றை அள்ளிவிடாது.

இன்று பல மாணவர்க்கு இக்கால்வாய் வெறும் சாக்கடையாகவே தோன்றுகிறது. கண்முன் உள்ளதைக் கொண்டு அவர்கள் சொல்வதால் அவர்களைக் குறைகூற இயலாது. எனினும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா செல்லும்போது, கற்கோயில்களைக் கண்டபின், ஊருக்கு மேற்கே திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள கால்வாய்ப் பாலத்தின்மேல் சிறிது நேரம் நில்லுங்கள். நீரில் ஓர் இலையை இட்டு, அது எத்திசையில் செல்கிறது, அல்லது அசையாமல் நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கரையில் குப்பை எவ்வளவு, தூர்ந்த இடம் எவ்வளவு என்றும் காணுங்கள். கல்லிற் கைத்திறன் காட்டியவரை நாம் போற்றுகிறோம். மண்ணைத் தோண்டி நீருக்கு வழிவிட்டவரும் போற்றுதற்குரியரே. அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அவர்கள் வெட்டிய வழி தூர்ந்துபோகாமல் காப்பதேயாகும்.